மண்டைக்குடைச்சலுக்கு எத்தனை மார்க்

சித்தே கால மடக்குங்ண்ணா, நான் உள்ள ஜன்னலோரம் போயிக்கறேன். வெள்ளகோவில்ல எறங்கறவன்தான். ஆனா ஓரத்துல உக்காந்தா வர்றவன் போறவன் பையெல்லாம் நம்ம தோள்மேலதான் இடிக்கும். நீங்க எங்கீங்க, கரூரா? தறிச் சாமான் யாவாரமுங்களா? அப்போ நல்லதாப் போச்சு.

இல்லீங்க, இது பரீட்சைப் பேப்பர் இல்ல. நீங்க எட்டிப் பாத்ததப் பாத்துட்டேன், பரவால்ல. மார்க்கு மார்க்கா இருக்கவும் வாத்தியார்னு நெனச்சிருப்பீங்க. நானு போன்ல போடற ஆப் செய்யறவனுங்க. 'மண்டைக்குடைச்சல்'னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா? உங்க பசங்களக் கேட்டுப் பாருங்க, வெச்சிருப்பாங்க. உங்களப் பத்தி அதுல எழுதியும் இருப்பாங்க.

ஒன்னுமில்லீங்க. மனசுல தோணற கிறுக்குத்தனத்த அப்படியே எழுதி அனுப்பலாம். பேரு வேண்டாம், ஊரு வேண்டாம், ஒரு நெம்பர் மட்டும் நாங்க குடுத்துருவோம். ஏஐ அதப் படிச்சுட்டு நூத்துக்கு இத்தனைன்னு மார்க்கு போட்டு, கூடவே நக்கலா ஒரு வரி அனுப்பும். கிறுக்கு எவ்வளவோ மார்க்கு அவ்வளவு. முப்பத்தஞ்சுக்குக் கீழன்னா பெயில். பெயில்னா என்ன அர்த்தம்? நீ சாதாரண மனுசன், கிறுக்கு புடிக்கற அளவுக்குக்கூட உன் மண்டையில சரக்கு இல்லைன்னு அர்த்தம். நீங்க நம்ப மாட்டீங்க, பாஸானவன் சும்மா இருந்துக்குவான், பெயிலானவன்தான் சண்டைக்கு வருவான். 'நான் எவ்வளவு பெரிய கிறுக்கன் தெரியுமா, எனக்கு முப்பத்திரெண்டா'ம்பான். கருமம்.

நீங்க ஒன்னு சொல்லுங்க பாப்போம். சும்மா சொல்லுங்ண்ணா, மனசுல இப்போ என்ன ஓடுதோ அது. என்னது, டிரைவர் தூங்கிட்டா என்னாகும்னா? இது பஸ் ஏறுன எல்லாருக்கும் வர்றதுங்க. இருவத்தாறு. பெயில். கோவிச்சுக்காதீங்க.

மனுசன் மனசு ஆழம், கடல்னெல்லாம் சொல்லுவாங்கல்ல, நான் உள்ள போயிப் பாத்துட்டு வந்தவனுங்க. ஒன்னுமே இல்ல. ஒரு பல்லி, ஒரு பழைய பாட்டு, மாமியா மேல ஒரு கோவம், ரெண்டு பரோட்டா. எத்தன சல்லடை போட்டுச் சலிச்சாலும் அவ்வளவுதான் தேறும். மண்டைக்குள்ள என்னமோ நடக்குதுன்னு ஆளாளுக்கு ஒரு நெனப்பு. நாய் வித்த காசு குரைக்காதும்பாங்கல்ல, அந்த மாதிரி இந்தக் குப்பைய வெச்சே நாம பொழைக்கலாம்னு நாந்தான் யோசன பண்ணேன்.

நானும் ரெஜின்னு ஒருத்தனும்தான் செஞ்சோம். ரெஜினால்டு, தூத்துக்குடிக்காரன். சரவணம்பட்டியில ஒரு கம்பெனியில ஒன்னா வேலை பாத்தோம். நல்லாக் கம்ப்யூட்டர் கோடு எழுதுவான், ஆனா மனசு பஞ்சு. எறும்பு வரிசையப் பாத்தா தாண்டிப் போறவன். அப்பேர்ப்பட்டவனக் கூட வெச்சுட்டு நக்கல் ஆப் செய்யறதுன்னா நான் எவ்வளவு பட்டிருப்பேன்னு பாத்துக்குங்க.

அந்த ஏஐ அதுக்கு மேல. அதுக்கு நர்ஸு வேலைக்கே பொறந்த மாதிரி நெனப்புங்க. ஒருத்தன் எழுதறான், 'பரோட்டா அடுக்க எண்ணிட்டே தின்னா, உள்ள போயி கூட்டல் தப்பாயிருமா'ன்னு. அதுக்கு இது என்ன சொல்லுது? 'சுவாரசியமான சிந்தனை! உங்கள் உணர்வைப் பகிர்ந்ததற்கு நன்றி.' தலையில அடிச்சுக்கிட்டேன். இதப் படிக்கறதுக்கா ஜனங்க வருவாங்க? அப்பறம் நானே உக்காந்து கையால எழுதிக் காட்டுனேன். 'கணக்குல பெயிலானவன் கொடலுக்கு டியூசன் வெக்கறான். எம்பத்தெட்டு.' இப்படி ஒன்னு ரெண்டில்ல, ஆறாயிரம். ஆறாயிரம் பேரோட கிறுக்கப் படிச்சு ஆறாயிரம் வரி எழுதுனேனுங்க. அதத் தின்னுதான் அந்த ஏஐ வளந்துச்சு. இன்னைக்கு அது திட்டுற திட்டு ஒவ்வொன்னும் என் நாக்குல இருந்து போனது. பெத்த புள்ள மாதிரி.

ரெஜி மட்டும் மொணமொணன்னுட்டே இருந்தான். 'எல்லாத்துக்கும் சிரிக்கப்படாதுல'ம்பான். அவன் சொல்றான்னு ஒரு பெட்டி வெச்சோம். யாராச்சும் வெளையாட்டுக்கு எழுதாம நெசமாவே மனசு நொந்து எழுதியிருக்காங்கன்னு ஏஐக்குச் சந்தேகம் வந்தா, அது பதில் சொல்லாது. அந்தப் பெட்டியில போட்டு, 'இதற்கு மதிப்பெண் வேண்டாம், மனிதர் யாராவது பார்க்கவும்'னு ஒரு சீட்டு ஒட்டி வெச்சிரும். நாங்க பாத்து நிதானமாப் பதில் எழுதணும். அதுக்கு நான் வெச்ச பேரு அழுமூஞ்சிப் பெட்டி. ரெஜிக்கு மத்த வேல கழுத்து வரைக்கும் இருந்துச்சு, அதனால அத நான்தான் காலி பண்ணுவேன். எனக்கு ஒரு அழுமூஞ்சிக்கு நாலு செகண்டு. ரெஜிக்கு விட்டா ஒருத்தனுக்கு அரமணி நேரம் உக்காந்திருப்பான். தொழில் பண்றமா, ஒப்பாரி வெக்கறமான்னு கேட்டேன் ஒரு நாளு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

சூலூரு தாண்டிட்டமா? சரி.

ஏப்ரல்ல ஒரு நெம்பர் வந்துச்சுங்க. நாலாயிரத்துப் பதினேழு. மொத மொத அது எழுதுனது எனக்கு இன்னும் மனப்பாடம். 'சுவத்துல இருக்கற பல்லி இந்த ஊட்டுல என்னைய விட சீனியர். அதுகிட்டக் கேக்காம டியூப்லைட்ட மாத்தலாமா?' நல்லா இருக்குதுல்ல? இங்க பாருங்க, நான் எழுதுன பதில். 'முன்னனுமதி வேணும். விண்ணப்பத்த வாலுல கட்டி அனுப்பவும். தொண்ணூத்தொன்னு.' ஆப்ல போஸ்டு போட்டதும் ஐயாயிரம் பேரு அத அடுத்தவனுக்கு அனுப்புனாங்க. அன்னையில இருந்து நாலாயிரத்துப் பதினேழு எது எழுதுனாலும் ஏஐயப் பதில் எழுத விடாம நேரா எனக்கே வர்ற மாதிரி பண்ணிட்டேன். நல்ல சரக்க மெசினுகிட்ட விடலாமா?

யாரோ ஊட்ல இருக்கற பொம்பளைன்னு தெரிஞ்சிருச்சு. எல்லாம் பகல் பத்து மணிக்கு மேல வரும். 'மிக்சி ஓடறப்போ நான் பேசிட்டே இருக்கறேன், மிக்சிய நிறுத்துனா பேச்சு மறந்துருது, அப்போ இத்தன நேரம் பேசுனது யாரு'ம்பா. 'எங்க ஊட்டுக்காரர் சட்டையத் தலகீழாக் காயப்போட்டா, பாக்கெட்ல இருக்கற கோவமெல்லாம் கீழ கொட்டிருமா'ம்பா. அதுக்குத் தொண்ணூத்தாறு போட்டேன். 'கொட்டும்மா, கீழ பக்கெட் வெய்யி, நாளைக்குத் தாளிக்க ஆகும்'னு எழுதுனேன். எந்த மாங்கா மடையனுக்கு வாக்கப்பட்டிருக்கறாளோன்னு ரெஜிகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அந்தச் சட்ட விசயத்த டீ கப்புல அச்சடிச்சோம். எங்கூட்ல கூட ஒன்னு இருக்குது.

எங்கூட்லன்னா? ஆமாங்க, கல்யாணமாயி அஞ்சு வருசமாச்சு. கோகிலவாணின்னு பேரு. வாணிம்போம். வெள்ளகோவில்காரி. பாட்டனி எம்.எஸ்சி. படிச்சவ, ஆனா பேச்சே கெடையாதுங்க. 'சாம்பாரா, ரசமா?' அத விட்டா 'ஏனுங்க, கேஸ் வந்துருச்சு'. அவ்வளவுதான் அவ பேசறது. நான் ஊட்ல இருந்துதான் வேலை பாக்கறேன். உள்ரூம்ல நானு, அடுத்த ரூம்ல அவ, நடுவுல ஒரு சுவரு. எனக்கு அது சௌரியமாத்தான் இருந்துச்சு. காலையில இருந்து ஊரான் மண்டையெல்லாம் படிச்சுட்டு வெளிய வர்றவனுக்கு, ஊட்லயாவது ஒரு காலி மண்ட வேணுமில்லீங்க?

என்ன சிரிக்கறீங்க? நீங்க கண்டுபுடிச்சிட்டீங்களாக்கு. அதான் எல்லாரும் கேக்கறாங்க, ஒரே ஊட்ல இருந்துட்டு எப்படித் தெரியாமப் போச்சுன்னு. நெம்பர்தானுங்க வருது! பேரா வருது? எங்கூட்லயும் பல்லி இருக்குது, மிக்சி இருக்குது. யாரு ஊட்ல இல்ல? உங்கூட்ல இல்லியா?

மாமனாரு ஊட்டுக் கோயில்ல போன மாசம் கெடாவெட்டு. அவரு முருங்கக்கா மண்டி வெச்சிருக்கறாருங்க. காலையிலயும் முருங்கக்கா, சாயங்காலமும் முருங்கக்கா, உலகத்துல வேற செடியே மொளைக்கலைங்கற மாதிரி பேசுவாரு. ஒறம்பற, சொந்தம்னு எம்பது பேரு வந்திருந்தாங்க. சாமியானா பந்தல்ல எலை போட்டு உக்காந்திருக்கறோம். மாமனாரு, 'மாப்ள, உங்க ஆப்ல என்னமோ பயங்கரக் கூத்தாமே, ஒன்ன எடுத்து உடுங்க, கேப்போம்'னாரு. சரி, இந்தக் கூட்டத்துக்கு அறிவு எங்க, இருந்தாலும் புரியற மாதிரி ஒன்னு படிப்போம்னு போன எடுத்தேன். நாலாயிரத்துப் பதினேழோட மாஸ்டர் பீஸு. நான் எந்திரிச்சு நின்னே படிச்சேன்.

'எங்க ஊட்டுக்காரர் "ம்" போடறதுல நாலு தினுசு இருக்குது. ஒன்னு, காதுல உழுகலைங்கற ம். ரெண்டு, காதுல உழுகல, ஆனா சீக்கிரம் முடிங்கற ம். மூணு, சரிங்கற ம். நாலு, அப்பறம் பேசிக்கலாம்ங்கற ம், அந்த அப்பறம் வர்றதேயில்ல. இன்னைக்குப் புதுசா அஞ்சாவது ஒன்னு கேட்டேன்...'

இங்க ஒரு நிறுத்து நிறுத்தணும். அதுதான் வித்த. எம்பது பேரும் சோத்துல கை வெச்சுட்டு என் வாயவே பாத்துட்டு இருக்கறாங்க. எனக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம்.

'"ம், அப்பறம்?" அப்படின்னாரு. வெடுக்குன்னு திரும்பிப் பாத்தேன். எனக்கில்ல. போன்ல யாருக்கோ.'

வாணிங்க. ரச வாளியக் கையில புடிச்சுட்டு நிக்கறா. ஒரு எழுத்து மாறாமச் சொல்றா. மொதல்ல எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அப்பறம் அவங்க அத்த ஒருத்தி, 'ஏம்புள்ள, அது உனக்கெப்படித் தெரியும்?'னா.

'நாந்தான் எழுதுனேன்'னா வாணி.

எனக்கு மொதல்ல என்ன தோணுச்சுன்னு சொல்லட்டுங்களா? சந்தோசமுங்க. சத்தியமா. அடப்பாவி, ஊட்லயே இவ்வளவு சரக்க வெச்சுட்டு ஊரெல்லாம் தேடிட்டு இருந்தனேன்னு. சும்மா இருக்காம அத வாய் விட்டும் சொன்னேன். 'ஏ வாணி, இவ்வளவு வெவரம் உள்ள இருக்குதா? முன்னாடியே சொல்லியிருந்தா உன்னையச் சம்பளத்துக்கே போட்டிருப்பனே!' எல்லாரும் சிரிச்சாங்க. மாமனாருகூடச் சிரிச்சாரு. அவ ரச வாளியப் பந்திக்கு நடுவால வெச்சுட்டுப் போயிட்டா. நாலு எலைக்கு ரசமே வரல.

பின்னாலயே போனேன். மாமனாரு ஊட்டு அடுப்படியில நிக்கறா. ஆளு அழுகல, அதையும் சொல்லிர்றேன். 'ஏனுங்க, மெசின்தான் படிக்குதுன்னு நெனச்சுத்தான் எழுதுனேன்'னா. 'மெசின் திட்டுனா எனக்கு ஒன்னுமில்ல, சிரிப்புத்தான் வந்துச்சு. நம்ம சொல்றதக் கடைசி வரைக்கும் கேட்டுட்டுத் திட்டுதேன்னு இருந்துச்சு'ன்னா.

நான் விடுவனா? எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. என் எழுத்துக்கு மெசின் பேரு வாங்கறதா? 'மெசினா? உன்னோடது ஒன்னுகூட மெசின் தொடலடி. அத்தனையும் நாந்தான் படிச்சேன், அத்தனைக்கும் நாந்தான் பதில் எழுதுனேன். எந்தப் புருசன் பொண்டாட்டி சொல்றத இப்படி ஒரு எழுத்து உடாமப் படிக்கறான்?'னு கேட்டேன். நாயமான கேள்விதானுங்க?

அவ அடுப்ப அணைச்சா. அப்பறம், 'எல்லாத்தையுமா?'ன்னா.

'எல்லாத்தையும்'னேன்.

'அத்தனைக்கும் நீங்களா பதில் எழுதுனீங்க?'

'ஆமாங்கறன்ல.'

திருப்பித் திருப்பி அதையே கேட்டா. எனக்கு எரிச்சலாயிருச்சு, பந்தல்ல ஆளுக உக்காந்திருக்குது, இவ என்ன போலீஸ் மாதிரி வெசாரிச்சுட்டு இருக்கறாளேன்னு. கடைசியா என்ன சொன்னா தெரியுங்களா? 'நீங்க ஊருக்குப் போங்க. நான் இங்க இருக்கறேன். எரநூத்திப் பன்னெண்டு எழுதியிருக்கறேன். நீங்க போஸ்டு போட்டு, கப்பு அடிச்சு, ஊரச் சிரிக்க வெச்சது ஒரு முப்பது. மிச்சத்துல ஒன்னே ஒன்னு, போனப் பாக்காமச் சொல்லுங்க. நான் என்ன எழுதுனேன்னு. சொன்னீங்கன்னா பையத் தூக்கிட்டு அடுத்த பஸ்ல வர்றேன்.'

இது என்ன பரீட்சையாங்ண்ணா? அஞ்சு வருசம் குடும்பம் நடத்துனவனுக்கு வெக்கற பரீட்சையா இது? அதும் படிக்கப் புஸ்தகமே இல்லாத பரீட்சை. அன்னைக்கே கணக்க அழிச்சுப்போட்டா. ஆப்ல ஒரு பொத்தான் இருக்குதுங்க, அத அமுக்குனா எழுதுனது பூரா அழிஞ்சிரும். ரெஜிகிட்டப் போயி, எங்கியாச்சும் மிச்சம் மீதி வெச்சிருப்பீல்ல, எடுத்துக் குடுறான்னேன். 'அழிச்சா அழிஞ்சிரும்னு நாமதான எழுதிப் போட்டிருக்கோம், நெசமாத்தான் அழியும்'ங்கறான். உலகத்துல எவனாச்சும் அப்படிச் செய்வானா? சொன்னதச் சொன்ன மாதிரி செஞ்சு வெச்சிருக்கற ஒரே மடையன் என் கூட்டாளிங்க.

மிச்சமிருந்தது என் பதில் மட்டும்தான். அது என் சொத்துல்ல, அதனால அழியல. தேதியும் மார்க்கும் பதிலும் இருக்குது, கேள்வி இல்ல. அதான் இந்தப் பேப்பர்.

முட்டாள் மாதிரி சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. இந்தப் பதில்களயெல்லாம் ஏஐகிட்டக் குடுத்து, இந்தப் பதிலுக்கு என்ன எழுதியிருப்பான்னு திருப்பிக் கண்டுபுடின்னேன். நாப்பது எழுதிக் குடுத்துச்சு. அருமையா இருந்துச்சுங்க. அதுல ஒன்ன எடுத்து, தொண்டையச் செருமிட்டு, போன்ல அவகிட்ட நானா நெனச்சுச் சொல்ற மாதிரி சொன்னேன். செம்பருத்திச் செடி மழையப் பத்தி என்ன நெனைக்கும்னு என்னமோ ஒன்னு. பாட்டனி படிச்சவளாச்சே. கேட்டுட்டு, 'இது என்னுதில்லைங்க. நான் இவ்வளவு மரியாதையா நெனைக்க மாட்டேன்'னு வெச்சுட்டா.

அப்பறம் மாமனாரு கையில கால்ல உழுந்து, இன்னைக்கு ஒரு வாட்டி. நேருல. அதுக்குத்தான் போறேன். நானா தேடிப் போறேன்னா பாத்துக்குங்க. பத்தொம்போது நாளாச்சு. கடைச் சோறு ஒத்துக்கல. ஊட்ல மிக்சி சத்தம்கூட இல்லீங்க. முந்தாநேத்து பல்லி ஒன்னு கத்துச்சு, அதுக்கு நான் 'ம்'னேன். அப்படி ஆயிப்போச்சு என் நெலம. அவ வரணுங்க. வந்தே ஆகணும்.

நெஜத்தச் சொல்றேன். என் பதில் பூரா எனக்கு மனப்பாடம். இருவது வருசம் கழிச்சுக் கேட்டாலும் சொல்லுவேன். அவ எழுதுனதுதான் ஒன்னும் வர மாட்டேங்குது. கப்புல அடிச்சது வருது, போஸ்டு போட்டது வருது, மிச்சம் வெறும் புகையா இருக்குது. பிரமாதமா ஒன்னும் இருந்திருக்காது, இருந்தா மறப்பனா?

இருங்க, உங்களுக்கும் பொழுது போகும், நான் பதிலப் படிக்கறேன், நீங்க கேள்விய ஊகிங்க. நாப்பத்தெட்டாவது பதிலு. 'செருப்புக்கு எடது வலது தெரியுது, உனக்குத் தெரியலியே. எழுவத்தி மூணு.' செருப்ப மாத்திப் போட்டிருப்பாளா? சரி. தொண்ணூத்திரெண்டு. 'கேக்கறவன் கேனையா இருந்தா கேரட்டும் பேசும். அறுவத்தஞ்சு.' கேரட்டுன்னா... கூட்டு, பொரியல், அந்த மாதிரி என்னமோ. என்னுங்ண்ணா, நீங்களும் வாயவே தொறக்க மாட்டீங்கறீங்க. தறிச் சாமான் விக்கறவருக்கு இந்த அளவுகூட ஊகமில்லைன்னா எப்படிங்க?

காங்கயம் வந்துருச்சா, அதுக்குள்ளயா? இங்கிருந்து இருவது நிமிசம்தான்.

நூத்தி அறுவத்தி மூணு. இது ஈசியா இருக்கும். 'ஆளு வர்றதுக்கு முந்தியே பேரா? மொதல்ல ஆளு வரட்டும். பன்னெண்டு. பெயில்.' இது பாருங்க, புள்ளைக்குப் பேரு வெக்கற கேசு. எக்கச்சக்கமா வருங்க இந்த மாதிரி. ஒன்னுக்கும் ஒதவாது, அதான் பன்னெண்டு போட்டிருக்கறேன். இது பெட்டியில இருந்து வந்தது போல, ஓரத்துல பொட்டு இருக்குது பாருங்க. நேரா எனக்கு வர்றதா இருந்தாலும் ஏஐ முன்னால ஒருக்காப் பாக்கும். மதிப்பெண் வேண்டாம், மனிதர் யாராவது பார்க்கவும்னு சீட்டு ஒட்டியிருந்திருக்குது. நான் தள்ளி விட்டுட்டேன்.

தேதி என்ன போட்டிருக்குது, ஆகஸ்ட்டு இருவது. பகல் பதினொன்னேகாலு.

ஆகஸ்ட்டு இருவதா?

ஒன்னுமில்லீங்க. தேதியப் பாத்தேன். பதினெட்டாந்தேதி நாங்க ஆஸ்பத்திரியில இருந்தோம். வாணிக்கு அப்போ ரெண்டு மாசம். தங்கல. பயப்பட ஒன்னுமில்ல, நெறயப் பேருக்கு இப்படி ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான்தான் கூடப் போனேன், கையெழுத்தெல்லாம் நான்தான் போட்டேன், இளநி வாங்கியாந்து குடுத்தேன். ஒரு கொறையும் வெக்கலீங்க. மக்யா நாளு, பத்தொம்போதாந்தேதி, ஊட்டுக்குக் கூட்டியாந்து படுக்க வெச்சேன். அதுக்கு அடுத்த நாளு நான் வேலைக்கு உக்காந்துட்டேன், ரெண்டு நாளு சேந்து போச்சுல்ல. பெட்டி நெறஞ்சு கெடந்துச்சு. சர்ருனு தள்ளிட்டு வந்தேன்.

அவ அடுத்த ரூம்லதான் படுத்திருந்தா.

பதினொன்னேகாலுக்கு.

வருதுங்ண்ணா. இருங்க, வருது. இதுதான் வருது. 'நான் ஒரு பேரு வெச்சுட்டேன். யாருக்கும் சொல்லல, அவருக்குக்கூட. இப்போ அந்தப் பேர என்ன பண்றது? பக்கத்துல யாருக்காச்சும் குடுத்தர்லாமா, இல்ல நானே வெச்சுக்கறதா?' ஒரு எழுத்து மாறாம வருது பாருங்க. அத நான் படிச்சிருக்கறேன். முழுசாப் படிச்சிருக்கறேன். படிச்சுட்டுத்தான் பன்னெண்டு போட்டேன்.

எல்லாத்தையுமான்னு கேட்டா. இதத்தான் கேட்டிருக்கறா. நான் ஆமான்னேன்.

போஸ்டு போடாதது. போனப் பாக்காமச் சொல்றது. சரியாப் போச்சில்லீங்க? பரீட்சையில பாஸு. இதப் போயிச் சொன்னா வந்துருவா, சொன்ன வார்த்த மாற மாட்டா. ஆனா நான் சொல்றப்போ என் மூஞ்சியப் பாப்பாளே. அதுக்கு நான் என்ன எழுதுனேன்னு அவளுக்கும் மனப்பாடமாத்தான இருக்கும்.

அந்த மெசினுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. நான் ஆறாயிரம் வரி ஊட்டி வளத்த கழுத, அதுக்கே கை நின்னிருக்குது.

இல்லீங்க, கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்த வேண்டாம், இருக்கட்டும்.

அந்தப் பேரு என்னன்னு அவ எழுதல. ஆணுக்கு வெச்சாளா, பொண்ணுக்கு வெச்சாளா? என்ன பேருன்னு யாருகிட்டக் கேக்கறது நானு?

வெள்ளகோவிலா? வந்துருச்சா? எந்திரிக்காதீங்க, இருங்க. அதா, அந்தப் பேக்கரிக்கு முன்னால, பச்சச் சீல கட்டிட்டு நிக்கறாளே. அவதான். மாமனாரு வண்டிய நிறுத்திட்டு அந்தப் பக்கம் நிக்கறாரு. பாருங்ண்ணா, கையில பை. துணிப் பை. நான் ஒன்னும் சொல்றதுக்கு முன்னாலயே பையோட வந்து நிக்கறா.

அவ ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றா. சித்தே முன்னால சாய்ங்க, என்னைய மறைங்க. மறைங்கங்கறேன்ல!

எறங்குங்க எறங்குங்கன்னா எப்படிங்க எறங்கறது? நீங்க எதுக்கு எந்திரிச்சு வழி உடறீங்க? உக்காருங்க. உங்க கால்ல உழுகறேன், உக்காருங்ண்ணா.

போலாம் ரைட்டுன்னு விசில் அடிச்சாச்சு. போயிருச்சு.

கண்டக்டர் அண்ணா, அடுத்த ஊரு தென்னிலைக்கு ஒரு டிக்கெட் குடுங்க.